முடிச்சுப் போடாத அரைஞாண்

மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
11.11.2024

அன்புள்ள ஈஸ்வரி மதினிக்கு,

சத்யா எழுதுகிறேன். முதலில் ‘உங்கள் தம்பி மனைவி சத்யப்பிரியா எழுதுவது’ என்று ஆரம்பித்தேன். ரேஷன் கார்டில் பேர் எழுதுவது மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

உங்களுக்குச் செய்தி வந்திருக்கும். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பெண் குழந்தை. சுகப்பிரசவம். அவர் லடாக்கிலிருந்து வீடியோ காலில் பார்த்தார். சிக்னல் விட்டுவிட்டு வந்ததில் பிள்ளையின் ஒரு காது மட்டும்தான் தெளிவாகத் தெரிந்ததாம். “எங்க அக்கா காதுல்லா இது!” என்று கத்தினார். நான் திரும்பிப் பார்த்தேன். நிஜம்தான் மதினி. உங்களுடையதைப் போலவே வெளியே விரிந்த காது.

ஆஸ்பத்திரியிலிருந்து உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. இப்போது போனும் என் கையில் இல்லை. “பச்சை உடம்புக்காரி அந்த வெளிச்சத்தப் பாக்கக் கூடாதுட்டி, கண்ணுல நீர் கோத்துக்கிடும்” என்று அம்மா வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். அவர் கூப்பிட்டால் மட்டும் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு நீட்டுவாள். வீடே கேட்டுக்கொண்டிருக்கும்போது புருஷனிடம் என்ன பேசுவது? ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டேன்’, அவ்வளவுதான். அதனால்தான் காகிதத்தைத் தேடினேன். அடுத்த தெரு மாரிக்கனி அக்கா தினமும் உங்கள் கம்பெனிக்குத்தானே பஸ் ஏறுகிறாள். அவளிடம் கொடுத்து விடுகிறேன்.

என்னைப் பின்பக்க அறையில் படுக்க வைத்திருக்கிறார்கள். ஒரு ஜன்னல். அதையும் காற்றுப் பட்டுவிடும் என்று சாத்தி வைத்திருக்கிறார்கள். கோயில் மணி கேட்டால்தான் பொழுது தெரிகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கடைசியாக என் பக்கம் திரும்பி, “பால் இருக்கா?” என்று மட்டும் கேட்கிறார்கள். பால் பூத்தில் வந்து கேட்பது மாதிரி. இருக்கு என்றால் போய்விடுகிறார்கள். இது நான் பிறந்து வளர்ந்த வீடு. ஆனாலும் நம் வீட்டில், நீங்கள் டிவி சத்தத்துக்கு மேல் சத்தமாகச் சீரியல்காரியைத் திட்டிக்கொண்டே எனக்குத் தட்டில் சோறு போடுவீர்களே, அதை நினைத்து நினைத்து அழுகை வருகிறது.

நீங்கள் ஏன் பிள்ளையைப் பார்க்க வரவில்லை? வளைகாப்பன்றும் சாப்பிடாமல் போய்விட்டீர்கள். ஒரு வரியாவது எழுதுங்கள்.

சத்யா


ராஜபாளையம்
14.11.2024

சத்யாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மாரிக்கனி அதைச் சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள். பாதியை ரசம் குடித்துவிட்டது. மிச்சத்தைப் படித்தேன்.

தாயும் பிள்ளையும் நலம் என்பதில் சந்தோஷம். காது என்னுடையது என்கிறாய். பாவம் அந்தப் பிள்ளை.

ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறாய். தெரியாமல் கேட்கிறாயா, தெரிந்தும் கேட்கிறாயா? தெரியாமல் என்றால் சொல்லிவிடுகிறேன். வளைகாப்பில் முதல் வளையல் நாத்தனார் போடுவதுதான் எங்கள் பக்கத்து முறை. வளையலை எடுத்துக்கொண்டு உன் கிட்டே வந்தேன். “கலியாணம் ஆகாத கை, வேண்டாம்மா. நீ போயி பந்தியக் கவனி” என்று உன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்கள். மண்டபமே பார்த்தது. பிடித்து நிறுத்தியது உன் அம்மாவின் வழக்கம், சரி. நீ தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாயே, அது யார் வழக்கம்? ‘அவிய போடட்டும்மா’ என்று சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். உனக்கு அன்றைக்கு வாய் எங்கே போனது?

ஒன்றரை வருஷம் ஒரே சட்டியில் சாப்பிட்டோம். அதை நினைத்துத்தான் எனக்கு ஆறவில்லை. உன் அம்மா மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர்களை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்?

அந்த வளையல் இன்னும் சாமி படத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கண்ணாடி வளையல், கை தவறி உடைந்தாவது தொலையலாம். அதுவும் மாட்டேன் என்கிறது.

போகட்டும். இந்தப் பையில் ஒரு துணிச் சுருள் இருக்கிறது. உனக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. பிரசவம் ஆனவளுக்கு வயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும், இல்லையென்றால் இடுப்பு விட்டுப்போகும். நான் வேலை பார்க்கிற பேண்டேஜ் கம்பெனியில் நெய்து வந்த துணிதான். முதலாளியிடம் சொல்லி முழு அகலத்தில் வாங்கினேன். கஞ்சி போகக் கொதிக்க வைத்து அலசி, இரண்டாக மடித்து ஓரம் அடித்திருக்கிறேன். தையல் கையால் போட்டது, அதனால் உறுத்தாது. மல்லாந்து படுத்து, மூச்சை வெளியே விட்டு, இடுப்பெலும்பிலிருந்து மேலே சுற்றிக்கொண்டு வா. பால் கொடுக்கும்போது தளர்த்திக்கொள். தனியாகவே கட்டலாம். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

ஈஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
18.11.2024

மதினிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகு நேரம் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. நான் ஏன் பேசவில்லை? அம்மா முன்னால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் வராது. கல்லூரியில் மைக் பிடித்துப் பேசியவள்தான். அம்மா ஒரு பார்வை பார்த்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஆகிவிடுவேன். இதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். நினைத்தாலும் சரிதான்.

துணிச் சுருளைப் பிரித்ததும் வீட்டில் ஒரு கூத்து நடந்தது. “காயத்துக்குக் கட்டுத துணியப் பிரசவம் ஆன வீட்டுக்கு அனுப்பியிருக்கா பாரு, என்ன மனசு!” என்று அம்மா அதைக் கொல்லைக் கொடியில் தூக்கிப் போட்டுவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. (இப்போதும்தான்!) அம்மா கடைக்குப் போன நேரத்தில் மெல்ல எழுந்து போய் எடுத்துவந்து, நீங்கள் எழுதியபடி படுத்து, மூச்சை விட்டு, சுற்றிக்கொண்டேன். மதினி, பிள்ளை பெற்ற பிறகு என் உடம்பு கொட்டிக் கிடந்த மாதிரி இருந்தது. கட்டியதும் யாரோ பின்னாலிருந்து சேர்த்துப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன். சேலைக்குள் கட்டியிருப்பதால் அம்மாவுக்குத் தெரியாது.

பரிசு என்று வந்ததெல்லாம் மூலையில் குவிந்திருக்கிறது. ஜிகினாக் காகிதம் சுற்றிய கிஃப்ட் செட், கிலுகிலுப்பை, பேட்டரி போட்டால் கத்துகிற வாத்து. எல்லாம் பிள்ளைக்கு. எனக்கென்று வந்தது உங்கள் துணி ஒன்றுதான்.

இன்னொரு தொல்லை. கடைச் சட்டையில் இருக்கிற லேஸ் பட்டுப் பிள்ளையின் கழுத்தெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. பிறந்த பிள்ளைக்கு முதலில் பழந்துணியில்தான் சட்டை போட வேண்டும், அதுவும் பிள்ளை வளர்த்து ஆளாக்கிய பொம்பளை கட்டிப் பழகிய சேலையாக இருக்க வேண்டும், அவள் ராசி பிள்ளைக்கு ஒட்டும் என்று அம்மா சொல்கிறாள். ஆனால் தெரு முழுக்கத் தேடியும் ஒரு பழைய நூல் சேலை இல்லை. எல்லோரிடமும் பாலியஸ்டர், இல்லாவிட்டால் நைட்டி. உங்கள் பக்கம் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்கள் யாரிடமாவது நூல் சேலை கிடைக்குமா? கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா? 

சத்யா


ராஜபாளையம்
21.11.2024

சத்யாவுக்கு,

‘பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்கள் யாரிடமாவது’ என்று கேட்டிருக்கிறாய். கேட்டேன். கிடைத்தது. பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் பெரியம்மை சேலை. ஐந்து பெற்றவள், ஐந்தும் நன்றாக இருக்கின்றன. மூத்தவன் போலீஸில் ஏட்டு. இதற்கு மேல் ராசி வேண்டுமென்றால் உன் அம்மாவைக் கோயிலில் போய்க் கேட்கச் சொல்.

சட்டைகளைக் கையால்தான் தைத்தேன். பித்தான் கிடையாது, முன்னால் முடிச்சுப் போடுகிற நாடா. மடித்துத் தைத்த ஓரத்தை வெளிப்பக்கம் விட்டிருக்கிறேன், உள்ளே வைத்தால் தோலை அரிக்கும். பார்க்க அவலட்சணமாக இருக்கும். பிள்ளை கண்ணாடியா பார்க்கப்போகிறது? மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப் போட்டு ஒரு விரிப்பும் செய்தேன். பகலெல்லாம் கம்பெனியில் ரோல் சுற்றிவிட்டு வந்து ஊசி பிடித்தால் விரல் மரத்துப்போகிறது. இருந்தாலும் வீட்டுக்கு வந்து செய்ய எனக்கு வேறு என்ன வேலை?

சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாயே. காலையில் பொங்கி வைத்ததைத்தான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். மிக்ஸியைத் தொட்டே நாளாயிற்று, ஒருத்திக்கு என்ன சட்னி வேண்டிக்கிடக்கிறது? சீரியலும் பார்ப்பதில்லை. திட்டினால் சிரிக்க ஆள் இல்லாவிட்டால் அது என்ன சீரியல்? மழை பெய்து அடுப்படியில் ஒழுகுகிறது. சட்டியை வைத்திருக்கிறேன். சொட்டுச் சொட்டாக அந்தச் சத்தம்தான் வீட்டில்.

சேதுபதி போன் போட்டான். “அக்கா, ஏன் இன்னும் போகல?” என்றான். போவேன்டா, மழை விடட்டும் என்றேன். அவன் அங்கே பனியில் நிற்கிறான், அவனிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? நீயும் சொல்லாதே.

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தீட்டுக் கழித்து, பிள்ளைக்கு இடுப்பில் அரைஞாண் கட்டுவீர்கள். அப்பாவோடு பிறந்தவள், அதாவது அத்தை, கட்டுவதுதான் முறை. கலியாணம் ஆகாத கை கட்டினால் அதற்கும் ஏதாவது சொல்வார்கள். இன்னொரு தடவை கையைப் பிடித்து நிறுத்தினால் எனக்குத் தாங்காது. அதனால் கயிற்றை மட்டும் முறுக்கி அனுப்பியிருக்கிறேன். கறுப்பு நூல், தொடையில் வைத்துத் திரித்தது, சாயம் போகாது. முடிச்சை உன் அம்மாவே போடட்டும்.

ஈஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
26.11.2024

மதினிக்கு,

கயிற்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள்.

சட்டைகள் வந்த அன்று அம்மாதான் பையைப் பிரித்தாள். “யாரு சேல இது?” என்றாள். வெள்ளத்தாய் பெரியம்மை சேலை என்றேன். அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. அவளே பிள்ளையைக் குளிப்பாட்டி, துடைத்து, அந்தச் சட்டையைப் போட்டு, என் கையில் கொடுத்தாள். பிள்ளை ஒரு சிணுங்கலும் இல்லாமல் படுத்துக்கொண்டது. நான் அதன் முதுகைத் தடவியபோது விரலில் ஒரு இழை தட்டுப்பட்டது. திருப்பிப் பார்த்தேன். மாம்பழ நிறம், பச்சைக் கட்டம், அதில் கிழிசலைச் சேர்த்து வெள்ளை நூலால் இழுத்துத் தைத்திருந்தது.

அந்தச் சேலையை எனக்குத் தெரியாதா மதினி? நம் வீட்டு இரும்புக் கதவில் மாட்டி அது கிழிந்தபோது பக்கத்தில் நின்றவள் நான்தானே. “கம்பெனி நூலுதான் கெட்டி” என்று நீங்கள் பேண்டேஜ் நூலால் தைத்தீர்கள். பச்சை நூல் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, “எவன் பாக்கப்போறான்” என்றீர்கள். அவர் பட்டாளத்தில் வாங்கிய முதல் சம்பளத்தில் உங்களுக்கு எடுத்துக் கொடுத்த சேலை அது. வெள்ளிக்கிழமை தவறாமல் அதைத்தான் கட்டுவீர்கள். அதையா வெட்டினீர்கள்? கத்திரியை எப்படி வைத்தீர்கள்? வெள்ளத்தாய் பெரியம்மை நைலக்ஸ் தவிர வேறு கட்டி நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றிவிடுவாளோ என்று பயம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். பிள்ளையை மனையில் கிடத்தி, அம்மா உங்கள் கயிற்றை எடுத்து மஞ்சள் தடவினாள். சித்தி, “அத்தை எங்கே? அத்தைல்லா கட்டணும்” என்று கேட்டாள். “அவளுக்கு என்ன தெரியும், பிள்ளையா குட்டியா” என்றாள் அம்மா.

“அம்மா, வையி கயித்த” என்றேன். என்னட்டி என்றாள். “பிள்ள போட்டிருக்க சட்ட எங்க மதினி சேல. பிள்ள வளத்தவ சேலதான் வேணும்னு நீதானே சொன்ன? எங்க மாமியாரு செத்தப்போ எங்க வீட்டுக்காரருக்கு ஆறு வயசு. பள்ளிக்கூடத்த விட்டுட்டு மில்லுக்குப் போயி, அவியளக் குளிப்பாட்டி, படிக்க வச்சி, பட்டாளத்துக்கு அனுப்புனது யாரு? அவ பிள்ள வளக்கலைன்னா வேற யாரு வளத்தா?” இவ்வளவும் நான்தான் பேசினேன். பேசி முடித்தபோது குரல் கிழிந்து அழுகையாகிவிட்டது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கயிறு கட்டவில்லை. பிள்ளை வெறும் இடுப்போடுதான் கிடக்கிறது. பார்க்க வருகிறவர்கள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, “ஏன் அருணாக்கயிறு இல்ல?” என்று கேட்கிறார்கள். கட்டுறவங்க இன்னும் வரலை என்கிறேன். அம்மா என்னோடு பேசுவதில்லை. சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது சரிதான் போலிருக்கிறது. இந்த அறையில் நானும் பிள்ளையும் மட்டும்தான்.

கயிற்றை முறுக்கி அனுப்பிவிடலாம் மதினி. முடிச்சை அனுப்ப முடியாது. பிள்ளையின் இடுப்பில் அளவு பார்த்துத்தான் போட வேண்டும். வாருங்கள்.

சத்யா


ராஜபாளையம்
6.12.2024

சத்யாவுக்கு,

இத்தனை நாள் பதில் இல்லையே என்று நினைத்திருப்பாய். உன் கடிதத்தை நேற்றுத்தான் படித்தேன். மாரிக்கனி பையைக் கொடுத்ததும் கையை விட்டேன். முதலில் தட்டுப்பட்டது கயிறு. அதில் மஞ்சள் வேறு தடவியிருந்தது. சரி, மனையில் வைத்துவிட்டு, வேண்டாமென்று எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பையை அப்படியே சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டேன். கூடக் கடிதம் இருப்பது தெரியும். அந்தச் செய்தியை எழுத்தில் வேறு படிக்க வேண்டுமா என்று விட்டுவிட்டேன். தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன், வந்தேன். மாரிக்கனி கேட்டபோதெல்லாம் படிச்சாச்சு என்று சொன்னேன்.

நேற்று அவள் விடவில்லை. டீ குடிக்கிற நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “எக்கா, அந்தப் பிள்ள இன்னும் வெறும் இடுப்போட கிடக்கு. தெருவே பேசுது. நீ என்னத்தப் படிச்ச?” என்று கேட்டாள். ஷிப்ட் முடிகிற வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து விளக்குக்கூடப் போடாமல் வாசல் வெளிச்சத்தில் நின்று படித்தேன்.

என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் உன்னை.

சேலையை வெட்டியது பற்றிக் கேட்டிருக்கிறாய். முதலில் ஓரத்தில் கொஞ்சம் வெட்டிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பிறகு நிறுத்தவில்லை. என் பேரைச் சொன்னால் பிள்ளைக்குப் போட மாட்டார்கள், அதனால்தான் வெள்ளத்தாய் பேரைச் சொன்னேன். யார் பேரில் போனால் என்ன, என் சேலைக்குள் என் தம்பி பிள்ளை படுத்திருக்குமே, அது போதும் என்று இருந்தது. நீ கண்டுபிடிப்பாய் என்று நான் நினைக்கவில்லை. கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசை இருந்ததா என்று கேட்டால், இருந்தது. போ.

உன் அம்மா மேல் ரொம்பக் கோபம் வைக்காதே. பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம்தான் அவர்களுக்கு. எனக்கும் இப்போது அந்தப் பயம் வந்துவிட்டது. நல்ல நாத்தனாரும் நல்ல சம்பந்தியும் ஒரே பயத்தைப் பயந்தால் சண்டை எதற்கு? இதை அவர்களிடம் சொல்லலாம், என் பேரைப் போட்டே சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. வருகிறேன். கயிறு, உனக்குக் கொஞ்சம் லேகியம், அந்தப் பாழாய்ப்போன வளையல், மூன்றும் எடுத்து வருவேன். வளையல் இனிமேல் உன் கைக்கு ஏறாது, நீ கட்டிலில் கிடந்து ஊதியிருப்பாய். பிள்ளை வளர்ந்து போட்டுக்கொள்ளட்டும்.

ஆனால் ஒன்று. உன் வீட்டு வாசல்படியை நினைத்தாலே மணிக்கட்டில் அந்தப் பிடி தெரிகிறது. நான் வந்து தெருவில் நின்று, “சத்யா” என்று கூப்பிடுவேன். நீ எழுந்து வர வேண்டாம், பச்சை உடம்பு, தரை குளிர்ச்சி. பின்பக்க அறையில் இருந்தபடியே, ஜன்னல் சாத்தியிருந்தாலும் பரவாயில்லை, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, “வாங்க மதினி” என்று ஒரு குரல் கொடு. உன் அம்மா கதவைத் திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி. அந்தக் குரல் கேட்ட பிறகுதான் படியில் கால் வைப்பேன்.

ஈஸ்வரி